முதுகில் தகடு, வயிற்றின் நடுவில் நூல்

கடந்த பள்ளி விடுமுறையில், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து படிவம் 4 மாணவன் ஒருவன் என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினான். அல்லூர் ஓரத்து மண்மேட்டில் ஒரு வளை. வளைக்குப் பக்கத்தில் மயோனிஸ் போத்தல். போத்தலுக்குள் கறுத்த, பெரிய எட்டுக்கால் பூச்சி. “சார், இது பத்துமலைக் குகையில இருக்கிற அந்த அபூர்வச் சிலந்தியா? செயலி அப்படித்தான் சொல்லுது. முகநூல்ல ஒருத்தர் விலை கேட்கிறாரு” என்று எழுதியிருந்தான்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் உயிரியல் சொல்லிக் கொடுப்பவன் நான். பாம்பு, தேள், மின்மினி என்று எல்லாவற்றுக்கும் படம் வரும். ஆனால் விலையோடு சேர்ந்து ஒரு பெயர் வந்தது அதுதான் முதல் முறை. பெயர் சரியென்றால் அந்தப் போத்தலில் இருப்பது நாட்டின் அரிய உயிர்களில் ஒன்று. பிடித்தது தவறு, விற்பது அதைவிடப் பெரிய தவறு. பெயர் பிழையென்றால் தன் வளைக்குத் திரும்பவேண்டிய சாதாரணத் தோட்டத்துச் சிலந்தி. இரண்டில் எது என்பதை நிறத்தைப் பார்த்தோ அளவைப் பார்த்தோ சொல்ல முடியாது. உடற்கூற்றைப் பார்த்தால் சொல்லலாம். அதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டாம், எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

அவனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: “போத்தலைத் தூக்கி, அடியிலிருந்து வயிற்றைப் படம் எடு.”

அந்தப் படம் வருவதற்குள், அவன் குறிப்பிட்ட சிலந்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகாத தோட்டத்துக் குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. ஈஜோக்கிலிருந்தும் புக்கிட் ரோத்தானிலிருந்தும் பேருந்து எடுத்துக்கொண்டு போவோம். 272 படிகளில் முக்கால்வாசி ஏறியதும் இடப்பக்கம் ஒரு வழி பிரியும். பெரும்பாலோர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை; கண் மேலே, முருகன் சன்னதிப் பக்கம் இருக்கும். அந்த வழி போய்ச் சேரும் இடம் இருட்டுக் குகை. உள்ளே வௌவால் எச்சத்தை நம்பி ஒரு தனி உலகமே வாழ்கிறது. சிறு பூச்சிகள் எச்சத்தைத் தின்னும். அந்தப் பூச்சிகளைத் தின்னும் உயிர்கள் சுவரில் காத்திருக்கும். அவற்றில் ஒன்றுதான் லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ். 1923இல் எச்.சி. ஆப்ரகாம் என்பவர் லண்டன் விலங்கியல் கழக ஏட்டில் இதை விவரித்துப் பெயரிட்டார். பெயரின் பின்பாதியில் இருக்கும் ‘பத்து’, நம் பத்துமலையின் பத்துதான்.

பெயரின் முன்பாதிதான் இன்றைய விஷயம். லிபிஸ்டியஸ் என்பது பேரினத்தின் பெயர். இந்தப் பேரினத்தை அறிவியலுக்கு அறிமுகம் செய்ததும் நம் நாட்டுச் சிலந்தியே. பினாங்கில் கிடைத்த ஒன்றை வைத்து 1849இல் டென்மார்க் விலங்கியலாளர் ஷியோட்டே லிபிஸ்டியஸ் டெசுல்டர் என்று பெயர் வைத்தார். அதுவரை ஐரோப்பியர் கண்ட சிலந்திகளில் எதிலும் இல்லாத ஒன்று அதன் முதுகில் இருந்தது.

உங்கள் வீட்டுச் சுவரில் ஓடும் சிலந்தியை நினைத்துப் பாருங்கள். முன்பகுதி தலையும் மார்பும் சேர்ந்தது. கண்ணும் காலும் அங்கேதான். பின்பகுதி வயிறு. அந்த வயிறு ஒரு சிறு பலூன் போல ஒரே பையாக இருக்கும். வெட்டுக்கிளி வயிற்றிலும் தேளின் வயிற்றிலும் தெரியும் கண்டங்கள் சிலந்தியிடம் வெளியே தெரியாது. கருவாக இருக்கும்போது கண்டங்கள் உண்டு, வளரும்போது ஒன்றாகிவிடும். லிபிஸ்டியஸில் அப்படி மறைவதில்லை. வயிற்றின் மேற்புறத்தில் குறுக்குவாட்டில் தகடுகள் வரிசையாக இருக்கும். முன்னால் உள்ளவை அகலமாகவும், பின்னால் போகப்போகச் சிறுத்தும் காணப்படும். கூரைத் தகடு அடுக்கியது போல என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

இது முதல் அடையாளம். இரண்டாவது அடையாளம் வயிற்றின் அடியில் இருக்கிறது. சிலந்தி நூல் வெளிவரும் சிறு காம்புகளை நூற்புக் காம்புகள் என்கிறோம். சாதாரணச் சிலந்தியில் அவை வயிற்றின் கடைக்கோடியில், வால் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். சிலந்தி பின்பக்கத்தால் நூல் விடுகிறது என்று சின்ன வயதில் நாம் பார்த்தது அதைத்தான். லிபிஸ்டியஸிலோ அவை ஏறக்குறைய வயிற்றின் நடுவில் ஒரு கொத்தாக நிற்கும். இந்தப் பெரும்பிரிவுக்கு மீசோதீலே என்று 1892இல் பெயரிட்டவர் ஆங்கிலேயர் போகாக். கிரேக்கத்தில் மீசோ என்றால் நடு, தீலே என்றால் காம்பு. ‘நடுக்காம்பி’ என்று தமிழாக்கினால் சிரிப்பு வரும், ஆனால் மறக்காது.

மாணவனின் இரண்டாவது படம் வந்தது. காம்புகள் கடைக்கோடியில் இருந்தன. அதிலும் ஒரு சோடி நீளமாக, இரண்டு குட்டி விரல்கள் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதைப் போலத் தெரிந்தன. முதுகில் தகடு எதுவும் இல்லை. உடல் முழுக்க மயிர். சந்தேகத்துக்கே இடமில்லை, அது டரான்டுலா. செம்பனைத் தோட்டத்து மண்மேட்டில் வளை தோண்டி வாழும் கூட்டம். “பிடித்த வளை வாயிலேயே, வெயில் இறங்கியதும் விட்டுவிடு” என்றேன். விட்டுவிட்டுப் படமும் அனுப்பினான்.

ஆனால் அந்தச் செயலி ஏன் தடுமாறியது? இங்கேதான் பாடம் சுவாரசியமாகிறது. டரான்டுலாவும் லிபிஸ்டியஸும் பல விதங்களில் ஒத்திருக்கின்றன. இரண்டும் மண்ணில் வளை தோண்டும். இரண்டுக்கும் நச்சுப்பற்கள் இணையாக, மண்வெட்டியால் கொத்துவது போல மேலிருந்து கீழே இறங்கும். வீட்டுச் சிலந்தியின் பற்களோ இடுக்கி போலப் பக்கவாட்டிலிருந்து வந்து சந்திக்கும். டரான்டுலாவுக்கும் லிபிஸ்டியஸுக்கும் புத்தக நுரையீரல் இரண்டு சோடி; வீட்டுச் சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு சோடிதான். அடிவயிற்றின் முன்பக்கத்தில் வெளிறிய நான்கு திட்டுகள் தெரிந்தால் அவை அந்த நுரையீரல் மூடிகள்.

இவ்வளவு ஒற்றுமையைப் பார்த்துவிட்டு ‘அப்படியானால் இரண்டும் நெருங்கிய சொந்தம்’ என்று எழுதுகிற மாணவர்கள் உண்டு. அது சரியன்று. இணையான பற்களும் இரண்டு சோடி நுரையீரலும் ஆதிச் சிலந்தியிடமே இருந்தவை. தாத்தாவின் பழைய சாமான் இரண்டு பேரன்கள் வீட்டில் இருக்கலாம். அதை வைத்து அந்த இரண்டு பேரன்களும் மற்றப் பேரன்களைவிட ஒருவருக்கொருவர் நெருங்கியவர்கள் என்று சொல்ல முடியுமா? மூன்றாவது பேரன் அந்தச் சாமானை விற்றுவிட்டான், அவ்வளவுதான். உறவைக் காட்டுவது, ஒரு கிளையில் மட்டும் புதிதாகத் தோன்றி, அக்கிளையினர் எல்லாரிடமும் இருக்கும் குணம். உண்மையில் டரான்டுலா நம் வீட்டுச் சிலந்திக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். லிபிஸ்டியஸ் கூட்டம் அவை இரண்டும் பிரிவதற்கு முன்பே தனியாகப் போய்விட்டது.

இதே கேள்வியை முதுகுத் தகட்டின் மீதும் கேட்கவேண்டும். தகடும் பழைய சாமான்தானே? ஆமாம். அடையாளம் காண அது உதவும், ஏனென்றால் இன்று வாழும் மற்றச் சிலந்திகள் எல்லாம் அதை இழந்துவிட்டன. ஆனால் தகடு உள்ளவை எல்லாம் ஒரே குலம் என்று நிறுவ அது மட்டும் போதாது. 1985இல் பிளாட்னிக், கொலொபோஃப் என்னும் இரு ஆய்வாளர்கள் இந்தக் கேள்விக்கென்றே ஒரு கட்டுரை எழுதினார்கள். கால்களுக்கு நடுவே, மார்பின் அடியில் இருக்கும் தகடு இந்தக் கூட்டத்தில் மிகவும் ஒடுங்கியிருக்கும். இப்படிப்பட்ட சில தனிக்குணங்கள்தான் இவை ஒரே குலம் என்பதற்குச் சாட்சி. அடையாளம் காண்பது வேறு, உறவை நிறுவுவது வேறு. எஸ்.டி.பி.எம். எழுதப்போகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

கதவு வைத்து வளை கட்டுவதும் குழப்பும் இன்னொரு விஷயம். லிபிஸ்டியஸ் தன் வளை வாயில் பட்டும் மண்ணும் கலந்து ஒரு மூடி செய்து, கீல் வைத்தது போலத் திறந்து மூடும். ‘கதவுச் சிலந்தி’ என்று பேர் கேட்டதும் அதுதான் என்று நினைத்துவிடக் கூடாது. கதவு செய்யத் தெரிந்த சிலந்திகள் டரான்டுலாவின் உறவுக் குடும்பங்களிலும் உண்டு. தென்கிழக்காசியாவில் வாழும் கோனோதெலெ என்னும் பேரினம் அப்படி ஒன்று. அதன் மூன்றாவது காலில் குதிரைச் சேணம் போல ஒரு பள்ளம் இருக்கும். வயிற்றில் தகடு இருக்காது. தொழில் ஒன்றாக இருப்பதால் சொந்தம் என்று ஆகிவிடாது.

இதுவரை பார்த்தது தூரத்துச் சொந்தம். கிட்டத்துச் சொந்தத்திலிருந்து பிரிப்பதுதான் கடினம். தகடும் நடுக்காம்பும் உள்ள எல்லாச் சிலந்திகளையும் ஒரு காலத்தில் லிபிஸ்டியஸ் என்றே எழுதினார்கள். ஜப்பானின் கியூஷு தீவில் கிடைத்த ஒன்றுக்குக் கிஷிடா என்னும் ஆய்வாளர் 1920இல் லிபிஸ்டியஸ் கிமுராய் என்றுதான் பெயர் கொடுத்தார். பிறகு நூற்புக் காம்புகளை எண்ணிப் பார்த்தார். லிபிஸ்டியஸில் நான்கு சோடி, ஆக எட்டு. கியூஷுச் சிலந்தியில் கடைசி நடுச்சோடி ஒன்றாக ஒட்டி, ஏழாகத் தெரிந்தது. 1923இல் அதைத் தனிப் பேரினமாக்கி ஹெப்டதீலா என்றார். ஹெப்டா என்றால் ஏழு. பத்துமலைச் சிலந்திக்குப் பெயர் கிடைத்த அதே ஆண்டு அது.

எண்ணிக்கை தெளிவாகத் தெரிந்தால் நல்ல அடையாளம்தான். ஆனால் நடுக் காம்புகள் மிகச் சிறியவை; உயிருள்ள சிலந்தியில் எண்ணப் போனால் கண் ஏமாறும். ஆகவே பின்வந்தவர்கள் இன்னும் உறுதியான இடத்தைத் தேடினார்கள். அது இனப்பெருக்க உறுப்பு.

ஆண் சிலந்திக்கு வாயருகே இரண்டு சிறு கால்கள் உண்டு, பெடிபால்ப் என்பார்கள். நடப்பதற்கு அல்ல, விந்தை எடுத்துச் சென்று பெண்ணிடம் சேர்க்கும் கருவி அவற்றின் நுனியில் இருக்கிறது. பார்ப்பதற்குக் குத்துச்சண்டைக் கையுறை போல உருண்டிருக்கும். லிபிஸ்டியஸ் ஆணின் பெடிபால்ப்பில், அந்த உருண்டைக்குச் சற்று முந்திய கணுவில், முட்கள் தாங்கிய ஒரு புடைப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஹெப்டதீலாவிலும் அதன் கூட்டாளிகளிலும் அந்தப் புடைப்பு கிடையாது. பெண்ணில் வேறுபாடு உள்ளே இருக்கிறது. விந்தைச் சேமித்து வைக்கும் பகுதியில் லிபிஸ்டியஸுக்கு நுண்துளைகள் நிறைந்த ஒரு தகடு உண்டு. துளைத்தகடு என்று சொல்லலாம். ஹெப்டதீலா கூட்டத்துக்கு அது இல்லை, பைகள் மட்டுமே சோடியாக இருக்கும்.

ஏன் வேறெங்கும் இல்லாமல் இந்த உறுப்பையே நம்புகிறார்கள் என்று மாணவிகள் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்பதுண்டு. கூச்சப்பட ஒன்றுமில்லை. நிறம் வயதுக்கு வயது மாறும். அளவு தீனியைப் பொறுத்தது. கால் முறிந்தால் மீண்டும் முளைக்கும்போது குட்டையாக இருக்கும். இனப்பெருக்க உறுப்போ கடைசித் தோலுரிப்பில்தான் முழு வடிவம் பெறுகிறது, ஓர் இனத்துக்குள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது, இனத்துக்கு இனம் மாறுகிறது. சிலந்தி ஆய்வாளருக்கு அதுதான் அடையாள அட்டை.

இந்த உறுப்புகளை ஒப்பிட்டு ஹாவுப்ட் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் 1983இல் ஹெப்டதீலா கூட்டத்தைத் தனிக் குடும்பமாகவே பிரித்தார். ஒரு குடும்பமா, இரண்டா என்று அதற்குப் பிறகும் வாதம் நடந்திருக்கிறது. 2015இல் சீனா, ஜப்பான், சிங்கப்பூர், ஸ்லோவேனியா ஆய்வாளர்கள் சேர்ந்து மரபணுவையும் பார்த்து எட்டுப் பேரினங்கள் என்று வகுத்தார்கள்: ஒரு பக்கம் லிபிஸ்டியஸ் தனியாக, மறுபக்கம் ஹெப்டதீலாவும் அதன் ஆறு கூட்டாளிகளும். குடும்பத்தின் எல்லையை எங்கே போட்டாலும் லிபிஸ்டியஸ் தனிப் பேரினம் என்பதில் சண்டையில்லை. நிலப்படமும் அதற்கு ஒத்துப்போகிறது. மியன்மார், தாய்லாந்து, தீபகற்ப மலேசியா, சுமத்ரா ஆகியவை லிபிஸ்டியஸின் வட்டாரம். சீனா, வியட்நாம், ஜப்பான் மற்றக் கூட்டத்தின் வட்டாரம்.

உடலைத் தொடாமலே இந்தப் பேரினத்தை அடையாளம் காட்டும் ஒரு தடயமும் உண்டு. இது எனக்கு மிகவும் பிடித்தது. லிபிஸ்டியஸ் தன் கதவின் வாயிலிலிருந்து சில பட்டு நூல்களை வெளியே, விசிறி விரித்தது போல இழுத்துக் கட்டியிருக்கும். இரவில் கதவுக்குப் பின்னால், முன்கால்களை நூல் தொடங்கும் இடத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஒரு கரப்பான் நூலில் இடறினால் அதிர்வு காலுக்கு வரும். எந்த நூல் அதிர்ந்தது என்பதிலிருந்தே இரை எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். கதவு திறக்கும், பாயும், இழுத்துக்கொண்டு போகும். ஹெப்டதீலா கூட்டத்துக் கதவுகளில் இந்தத் தூண்டில் நூல்கள் இல்லை. அவை இரை வாசலுக்கே வரும்வரை காத்திருக்கும். பத்துமலைக் குகையில் சுண்ணாம்புப் பாறையைத் தோண்ட முடியாது. ஆகவே அங்கே சிலந்தி சுவரோடு ஒட்டியபடி பட்டுக் குழாய் கட்டி, அதன்மேல் மண்ணைப் பூசி மறைத்து, வாயில் கதவும் நூலும் வைத்து வாழ்கிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாலும் சுவரில் ஒரு புடைப்பு என்றுதான் தோன்றும்.

இவ்வளவு பழைய உடலமைப்பு என்பதால் ‘உயிருள்ள புதைபடிவம்’ என்று செய்திகளில் எழுதுவார்கள். அந்தச் சொல்லை நான் வகுப்பில் பயன்படுத்துவதில்லை. பிரான்ஸ் நாட்டு மோன்சோ லெ மீன் என்னும் இடத்தில், ஏறத்தாழ 30 கோடி ஆண்டு பழைய பாறையில் தகடுள்ள சிலந்தியின் புதைபடிவம் கிடைத்ததை 1996இல் பால் செல்டன் அறிவித்தார். குலம் அவ்வளவு பழையது, உண்மை. ஆனால் இன்று வாழும் இனங்கள் அண்மைக் காலத்தில் கிளைத்தவை என்று அந்த 2015 ஆய்வு காட்டியது. பழைய வீட்டில் குடியிருக்கும் இளம் பிள்ளைகளைக் கிழவர்கள் என்பதற்குச் சமம் அந்தப் பட்டம்.

இன்னொரு தவறான நம்பிக்கை நீண்ட காலம் பாடநூல்களிலேயே இருந்தது. இந்தச் சிலந்திகளுக்கு நச்சுச் சுரப்பியே கிடையாது என்று எழுதி வந்தார்கள். 2010இல் ஃபோலிக்ஸ், எர்ப் என்னும் இருவர் நுண்ணோக்கியில் கவனமாகப் பார்த்து, சுரப்பி இருக்கிறது, சிறியதாக இருக்கிறது என்று காட்டினார்கள். ‘இல்லை’ என்று எழுதுவதற்கு முன் எவ்வளவு தேடவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பேரினம் தெரிந்துவிட்டது. இனம்? இங்கே படம் போதாது. லிபிஸ்டியஸ் பெண்கள் பலவற்றை வெளியே பார்த்து ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிப்பது மிகக் கடினம். ஆணின் பெடிபால்ப் புடைப்பையும் முட்களையும், பெண்ணின் துளைத்தகட்டின் வடிவத்தையும் நுண்ணோக்கியில் ஒப்பிடவேண்டும். ஆண்களோ முதிர்ந்தபின் வளையை விட்டு அலைந்து, சீக்கிரம் இறந்துவிடும். பெண்கள் பல ஆண்டுகள் ஒரே வளையில் இருக்கும். ஆகவே தேடிப் போகிறவர்கள் கையில் பெண்தான் அகப்படும். 1932இலும் மறுபடி 1976இலும் இந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதிய பிரிஸ்டோ முதல் இன்றைய ஆய்வாளர்கள் வரை எல்லாருக்கும் இந்தத் தொல்லை உண்டு.

இந்த நுணுக்கத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நான் பேராக்கைக் காட்டுவேன். ஈப்போவுக்கு வடக்கே, செம்மோர் பக்கம் கந்தான் என்னும் சுண்ணாம்புக் குன்று இருக்கிறது. அங்குள்ள குகைச் சிலந்தியை உறுப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து, இது மற்ற லிபிஸ்டியஸ் அல்ல, தனி இனம் என்று 1997இல் பிளாட்னிக் பெயரிட்டார்: லிபிஸ்டியஸ் கந்தான். சிமெண்டுக்குக் கல் எடுக்கும் குன்று அது. பெயர் இல்லாதிருந்தால் ‘குகையில் ஏதோ எட்டுக்கால் பூச்சி இருக்கிறது’ என்பதோடு முடிந்திருக்கும். பெயர் இருந்ததால், உலகில் வேறெங்கும் தெரியாத ஓர் இனம் இந்தக் குன்றில் இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் வரிசையில் அது ஏறியது. குன்றைப் பற்றிய வாதங்களில் அந்தச் சிலந்தியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஆணின் கணுவில் ஒரு புடைப்பு, பெண்ணின் உள்ளே ஒரு தகடு. ஒரு மலைக்காகப் பேச அவை போதுமானவையாக இருந்தன.

அதே பெயர்தான் ஆபத்தையும் கொண்டுவருகிறது. அரியது என்று தெரிந்தால் வாங்க ஆள் வருவார்கள். முகநூலில் விலை கேட்டவர் ஒருவர் மட்டுமல்ல. பல ஆண்டுகள் ஒரே சுவரில் வாழும் பெண் சிலந்திகள் பத்தைப் பிடுங்கினால், அந்தச் சுவர் மறுபடி நிரம்ப எத்தனை காலம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால் வளை இருக்கும் இடத்தைத் துல்லியமாகப் பொதுவெளியில் போடாதீர்கள். வட்டாரத்தின் பெயர் போதும்.

நம் பக்கத்துக்கு வருவோம். கோலசிலாங்கூர் கடலோரச் சமவெளி. வண்டல், சதுப்பு, களிமண். சுண்ணாம்புக் குகை இல்லை. உள்ளே போகப் போக, பத்தாங் காலி, கெர்லிங், களும்பாங் பக்கம் நிலம் மேடேறுகிறது. தோட்டத்துப் பாதைக்காக வெட்டிய மண்சுவர்கள் நிறைய. வளைச் சிலந்தி தேட அவை நல்ல இடங்கள். மழை நேரடியாக அடிக்காத, பாசி படிந்த சரிவை மாலையில் கைவிளக்கோடு பாருங்கள், தனியாகப் போகாமல். பாம்பும் அதே சரிவைத்தான் விரும்பும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஓர் அடிக்கோல், நோட்டுப் புத்தகம், கைப்பேசி. இவை போதும். வட்டமான கதவும் அதைச் சுற்றி விசிறி நூலும் கண்டால் தோண்டாதீர்கள். தோண்டினால் வீடும் போகும், சிலந்தியும் ஆழத்துக்குப் போய்விடும். உலர்ந்த புல்லின் நுனியால் ஒரு நூலை மெதுவாகத் தொட்டுவிட்டு, கையை எடுத்து, காத்திருங்கள். பசியாக இருந்தால் கதவு ஒரு விரலளவு திறக்கும். முன்கால்களும் தலையும் தெரியும். தலையின் முன்பக்கத்தில் ஒரு சிறு மேட்டில் எட்டுக் கண்களும் கூடியிருக்கும். கைப்பேசியைக் கதவுக்கு நேராக வைக்காமல், கொஞ்சம் மேலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். அது இரையென்று நினைத்துப் பாதி உடலை வெளியே நீட்டும் அந்த ஒரு நொடியில் முதுகின் முதல் இரண்டு தகடுகளாவது படத்தில் விழவேண்டும். அவை விழாத படத்தை வைத்து யார் என்ன பெயர் சொன்னாலும், செயலியே சொன்னாலும், நோட்டில் கேள்விக்குறியோடுதான் எழுதுங்கள்.